கையெட்டும் தூரத்துக் கட்டில்

நாம் தூக்கி வளர்க்கும் பிள்ளைகளில் ஒன்றுக்கும் நம் முகம் நினைவிருக்காது. பிரசவரட்சை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பிள்ளை பெற்றவளின் வீட்டோடு போய்த் தங்குகிறோம். தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறோம், பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து ஏப்பம் விடவைக்கிறோம். நம் குரல் கேட்டு அது தலையைத் திருப்பத் தொடங்கும் நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பஸ் ஏறுகிறோம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்திலும், வெயில் சாயும் வேளையில் என் இடது தோள் கனமில்லாமல் இருப்பது எனக்குப் பழகவில்லை.

எண்ணெய் காய்ச்சுவதையும் லேகியம் கிளறுவதையும் நான் எழுதிக் கற்றுத்தர வேண்டியதில்லை. கூட நின்று பார்த்தால் கைக்கு வந்துவிடும். கைக்கு எளிதில் வராத ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் எல்லாரும் அன்பினாலேயே ஒரு தவறைச் செய்திருப்பார்கள். அன்பைத் தொடாமல் தவறை மட்டும் எடுக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, பிள்ளையை எங்கே படுக்கவைப்பது என்பதுதான். கோயம்புத்தூர்க் கடைகளிலும் பாலக்காட்டுக் கடைகளிலும் ஒரு குட்டிக் கட்டில் வந்திருக்கிறது. பெரிய கட்டிலோடு ஒட்டவைத்து வார் போட்டு இறுக்கிவிடலாம். தாயின் பக்கத்துச் சுவர் மட்டும் இறங்கும். அவள் படுத்தபடியே கையை நீட்டினால் பிள்ளை. அதேசமயம் பிள்ளைக்குத் தனிப் படுக்கை. கடையில் பெட்சைட் ஸ்லீப்பர் என்பார்கள். நான் போன வீட்டில் அதற்கு ஒட்டுக்கட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அந்த வீடு முதலமடையில், மாந்தோப்புகளுக்கு நடுவே. சாமிநாதன் என்கிற மாங்காய் வியாபாரியின் வீடு. அவருடைய தங்கை கோகிலாவுக்குத் தலைப்பிரசவம். தாய் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தாய்வீட்டில் நடக்க வேண்டிய பிரசவத்தை அண்ணனும் அண்ணி மகேஸ்வரியும் தங்கள் தலைமேல் எடுத்துக்கொண்டார்கள். கோகிலாவின் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். பிள்ளை மாதம் நிறையாமல் அறுவைசிகிச்சையில் பிறந்து, சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கோகிலா அந்தப் பெட்டியின் பக்கத்துத் துளை வழியே கையை விட்டு, ஒற்றை விரலால் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் வரும்போது பிள்ளை என் மடியில் இருந்தது.

"எஸ்தரக்கா, இவளை நான் இன்னும் வேணுங்கற அளவுக்குத் தொட்டதே இல்லீங்க," என்றாள் கோகிலா. "ஊட்டுக்குப் போனா கைய நீட்டுனாத் தொடற தூரத்துல இருக்கோணும். அது போதுங்க எனக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மலையாளி நர்ஸ் எங்களை நிறுத்தித் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பியிருந்தாள். "அம்மையும் குஞ்ஞும் ஒரே முறியில கிடக்கணும். ஒரே கட்டில்ல வேண்டா." ஒரே அறை, வேறு வேறு படுக்கை. மாதம் நிறையாத பிள்ளை, வலி மாத்திரை போட்டு அயர்ந்து தூங்கும் தாய். அவள் சொன்னது இரண்டு பேருக்கும் சேர்த்து. நான் பார்த்த நர்ஸுகளில் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

வீட்டில் உறவுக்கூட்டம். அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குத் தாய்மாமன் தொட்டில் சீர் செய்ய வேண்டும். தொட்டிலை வாங்கி வந்து, நல்ல நேரத்தில் மாமனே தன் கையால் பிள்ளையை அதில் கிடத்த வேண்டும். தொட்டிலுக்குப் பதிலாகச் சாமிநாதன் ஒட்டுக்கட்டில் வாங்கியிருந்தார். ஒரு பெரிய தேக்குக் கட்டிலோடு அதைச் சேர்த்துக் கட்டி, மாவிலை செருகி, மஞ்சள் தடவிவைத்திருந்தார். கதவருகில் பிள்ளையோடு நின்ற என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

"பாருங்கக்கா. எப்புடிக் கட்டியிருக்கறேன். ஒரு காய் அசையாது."

மகேஸ்வரி பக்கத்திலிருந்து, "எங்கூட்டுக்காரருக்கு எதைக் கண்டாலும் பெட்டி கட்டோணுமுங்க," என்றாள். "கலியாணத்தன்னிக்கு என்னையவே வைக்கோல் வெச்சுத்தான் கூட்டியாந்தாரு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கண் கட்டிலுக்குள் இருந்தது. மாங்காய்ப் பெட்டியில் எங்கே இடம் இருந்தாலும் எதையாவது மெத்தென்று திணித்து அடைப்பது அவருடைய தொழில். அதையே இங்கும் செய்திருந்தார். கம்பெனி கொடுத்த தட்டையான மெத்தையை எடுத்துவிட்டு, சொந்தத் தோட்டத்து இலவம்பஞ்சில் உப்பலாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். நாலு பக்கமும் பழைய வேட்டிகளைச் சுருட்டி அணை கட்டியிருந்தார். பெரிய கட்டிலுக்கும் இதற்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு தலையணை திணித்திருந்தார். அந்தத் தேக்குக் கட்டிலின் அகலத்துக்குக் கம்பெனி வார்கள் எட்டவில்லை போலும், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்.

உங்களுக்கு இதைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். பச்சைப் பிள்ளைக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் ஆபத்து. முகம் புதைந்தால் அதற்குத் திருப்பத் தெரியாது. இடைவெளியில் நழுவினால் மேலே வரத் தெரியாது. துணி மூக்கின்மேல் விழுந்தால் தள்ளத் தெரியாது. கயிறு இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், தாய் நாலுமுறை புரண்டு படுத்தால் தளரும்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். சாமிநாதன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். தாயில்லாத தங்கைக்குத் தாய் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு ஆண்பிள்ளை ஓடி ஓடிச் செய்திருக்கிறார். உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நின்று "இது ஆகாது" என்று நான் சொன்னால், அன்று மாலையே அது ஊர்ப்பேச்சாகிவிடும். சொல்லாமல் விட்டால் பிள்ளை அதில் கிடக்கும்.

சடங்குக்குக் கிடத்துவது வேறு, தூங்கவைப்பது வேறு என்று எனக்குள் பிரித்துக்கொண்டேன். பிள்ளை விழித்திருந்தது. சுற்றி அத்தனை கண்கள் இருந்தன. மாமன் கிடத்தட்டும், என் கை அடியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். "மாமன் முகம் பாப்பாவுக்குத் தெரியணும்ல," என்று சொல்லி முகத்துப் பக்கத்து வேட்டிச் சுருளை எடுத்துக் கீழே போட்டேன். அவர் கிடத்தினார். என் உள்ளங்கை பிடரிக்குக் கீழே இருந்தது. போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் தூக்கிவிட்டேன்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? கொஞ்ச நேரம் கிடக்கட்டும்," என்றார் ஒரு பெரியம்மா.

"பசி வந்துட்டும்மா. அதுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாதுல்லா," என்றேன்.

பந்தி முடிந்து உறவுகள் கிளம்பும்வரை பிள்ளை என் தோளிலும் கோகிலாவின் மடியிலுமாக இருந்தது. பிறகு பிள்ளையை மகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு வீட்டின் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனேன். சாமிநாதன் அன்றைய சரக்குக்கு அட்டைப்பெட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பெட்டியில எதுக்கு இந்த ஓட்டை?"

"காத்துக்குங்க. அடைச்சு வெச்சா உள்ளயே சூடேறிக் காய் வெந்துபோயிருமல்லங்க."

"பாப்பா பெட்டியிலயும் அதே கதைதான் அண்ணாச்சி. காத்துப் போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் சுத்தி வலை வெச்சிருக்கான். வலையெல்லாம் வேட்டியால அடைச்சுக் கெடக்கு."

அவர் கை நின்றுவிட்டது. முகம் வாடிப்போயிற்று. "அடிகிடி பட்டுரக்கூடாதுன்னுதானுங்க பண்ணுனேன்," என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. ஆனா அவ இப்போ உருளக்கூட மாட்டா. அடிக்குப் பயப்படுத வயசு பின்னால வரும். இது மூச்சுக்குப் பயப்படுத வயசு."

அவர் மடக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே போய், தான் திணித்ததையெல்லாம் தன் கையாலேயே உருவிப் போட்டார். "கம்பெனி மெத்தை எங்கே?" என்று நான் கேட்டதற்கு, "பலகையாட்டம் இருக்குது, பச்சப் புள்ளைய யாராவது பலகைல போடுவாங்களான்னு இவருதான் பரண்ல ஏத்துனாரு," என்று சொல்லிக்கொண்டே மகேஸ்வரி இறக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு மெத்தைகளையும் அருகருகே வைத்து உள்ளங்கையால் அழுத்திக் காட்டினேன். இலவம்பஞ்சில் கையை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கம்பெனி மெத்தையில் கை பட்ட அடையாளமே இல்லை. சாமிநாதன் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் பெரிய கட்டில் ஒத்துழைக்கவில்லை. பழைய காலத்துத் தேக்கு. பக்கச் சட்டம் மெத்தையைத் தாண்டி ஒரு கையகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நெருக்கினாலும் மெத்தைக்கும் ஒட்டுக்கட்டிலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். என் முஷ்டி உள்ளே போய் வந்தது. உயரமும் சேரவில்லை. வேறு வழியில்லாமல், இறங்கியிருந்த சுவரை ஏற்றிப் பூட்டி, நாலு பக்கமும் மூடிய தனித் தொட்டிலாகக் கட்டிலுக்கு அருகில் நிறுத்தினோம். அது பாதுகாப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தையல் ஆறாத தாய், அந்த உயரமான கட்டிலிலிருந்து இறங்கி, குனிந்து தூக்க வேண்டும்.

ஏற்றிய வலையைக் கோகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். "மறுபடியும் ஒரு பெட்டி," என்றாள்.

மறுநாள் மதியம் நான் பின்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி கொட்டகையில் இருந்தாள். அறைக்குத் திரும்பி வந்தபோது ஒட்டுக்கட்டில் காலியாக இருந்தது. பால் கொடுக்க என்னைக் கூப்பிட மனமில்லாமல், கோகிலா தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பிள்ளையைத் தூக்கி, கட்டிலில் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடிவிட்டாள். அவள் உடல் பாரத்தில் மெத்தை சாய்ந்து, பிள்ளை அவள் கைக்கும் மெத்தைக்கும் நடுவே குழிக்குள் உருண்டிருந்தது. முகம் மெத்தைப் பக்கம்.

ஓடவில்லை, கத்தவில்லை. நாம் கத்தினால் தாய் திடுக்கிட்டுப் புரளுவாள், புரண்டால் பிள்ளைமேல் விழுவாள். இதை மறக்காதீர்கள். ஒரு கையால் அவள் தோளை அப்படியே பிடித்துக்கொண்டு மறு கையால் பிள்ளையை எடுத்தேன். முகம் சிவந்திருந்தது. பிடரியெல்லாம் வியர்வை. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு உடலை முறுக்கிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

கண்விழித்த கோகிலா பிள்ளையின் சிவந்த முகத்தையும், பக்கத்தில் மெத்தையில் விழுந்திருந்த குழியையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டு அண்ணனும் அண்ணியும் ஓடி வந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"இனிமேப் பாப்பா எங்க ரூம்ல இருக்கட்டும்," என்றார் சாமிநாதன். "மகேஸ்வரி பாத்துக்குவா. பாலுக்கு மட்டும் இங்க கொண்டாந்தாப் போதும்."

"வேண்டாமுங்ணா."

"உனக்கு ஒடம்பு தேறட்டும் அம்மிணி. அதுவரைக்குந்தான்."

"கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னுட்டுப் பாத்தது பத்தாதுங்ளா?" என்றாள் கோகிலா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க கொண்டுபோனா நான் சும்மா இருக்கமாட்டனுங்ணா. எந்திரிச்சு நடந்து வந்துருவேன். தையல் பிரிஞ்சாலும் வருவேன்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். யார் பக்கம் பேசுவது என்று யோசித்தால் தொலைந்தோம். அந்த அறையில் மாற்றக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். தாயை மாற்ற முடியாது, அவளுடைய ஏக்கத்தை மாற்ற முடியாது, அண்ணனின் பயத்தையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. நான் கட்டிலைப் பார்த்தேன்.

"கட்டிலை மாத்திரலாமே அண்ணாச்சி. என் ரூம்ல இருக்க இரும்புக்கட்டில் சட்டம் மெலிசு. கயித்துநார் மெத்தை ஓரம்வரைக்கும் வருது, அழுத்தமாவும் இருக்கு. அதோட ஒட்டவெச்சா எடைவெளியே விழாது."

"அம்மா கட்டிலையா மாத்தச் சொல்றீங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது அவர்களுடைய அம்மாவின் கட்டில். கோகிலாவைப் பெற்ற பிறகு அம்மா படுத்திருந்த கட்டில். அதே கட்டிலில் தங்கை படுக்க வேண்டும் என்று ஆள்விட்டு இழைத்துப் பாலிஷ் போட்டுவைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது கோகிலாவும், "அம்மா படுத்த பக்கமாத்தான் நான் படுப்பேன்," என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் அதை நிறைவேற்றியிருக்கிறார். அதைத்தான் நான் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டிலில் படுத்தால் பிள்ளை தனித் தொட்டிலில்தான் இருக்க வேண்டும், கையெட்டாது. இரும்புக்கட்டிலில் படுத்தால் எட்டும். இரண்டில் எதுவானாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் இன்று நடந்தது மட்டும் மறுபடி நடக்கக் கூடாது. இவ்வளவுதான் என் வேலை. அதற்கு மேல் முடிவு செய்வது நம் வேலை அல்ல. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கோகிலா தலைமாட்டுப் பலகையை வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இல்லீங்ணா," என்றாள். "பாப்பா இருக்குது."

சாமிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார். மகேஸ்வரி தலைமாட்டைப் பிடித்தாள். "இதுக்கு மட்டும் வைக்கோல் வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவள் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் அண்ணனும் தங்கையும் உடைந்துபோயிருப்பார்கள்.

தேக்குக் கட்டில் என் அறைக்குப் போயிற்று. நான் பாயைத் தரையில் விரித்துக்கொண்டேன். கதவு வழியே அதைப் பார்த்த கோகிலா, "அக்கா எதுக்குங்க கீழ படுக்கறாங்க? அம்மா கட்டில்ல படுத்துக்கட்டும்," என்றாள். சாமிநாதன் பிடரியைத் தடவினார். நான் கூலிக்கு வந்தவள், வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவர் தயங்குவது ஏன் என்று எனக்குத் தெரியாதா? "எனக்குப் பாய்தான் பழக்கம் அண்ணாச்சி," என்றேன். அவர் போய் அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு விரிப்பை எடுத்து வந்து அந்தக் கட்டிலில் விரித்தார். நாலு மூலையையும் செருகினார்.

"படுங்கக்கா," என்றார்.

பிறகு ஒட்டுக்கட்டிலைப் பொருத்தினோம். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கால்களில் உள்ள துளைகளை மாற்றி உயரத்தைச் சரிசெய்தோம். பிள்ளையின் மெத்தை தாயின் மெத்தைக்கு மேலே நிற்கக் கூடாது. எவ்வளவு தாழலாம் என்பதைக் கூட வந்த கையேட்டில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், கண்மதிப்பில் வைக்கக் கூடாது. கம்பெனி வார்களையே தாயின் மெத்தைக்கு அடியில் கொண்டுபோய் எதிர்ப்பக்கச் சட்டத்தில் மாட்டி இறுக்கினோம். இந்த முறை நீளம் எட்டியது. இரண்டு மெத்தைகளும் முட்டி நின்றன. விரலை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. சாமிநாதன் லாரியில் ஏற்றிய பாரத்தைச் சோதிப்பதுபோலக் காலை ஊன்றிக் கட்டிலை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே ஒரு விரிப்பு மட்டும், இழுத்துச் செருகியது. தலையணை இல்லை, பொம்மை இல்லை, அணை இல்லை. பிள்ளை மல்லாந்து. கண்திருஷ்டிக்கு உறவுக்காரர்கள் கட்டிய கறுப்புக் கயிற்றின் தொங்கலைக் கத்தரித்துவிட்டேன்.

ஒட்டுக்கட்டில் வாங்குவதற்கு முன்பே உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வீடுகளும் உண்டு. கடைக்குப் போகும் முன் வீட்டுக் கட்டிலை அளக்கச் சொல்லுங்கள். உயரம், அகலம், சட்டம் எவ்வளவு வெளியே நீட்டுகிறது, மெத்தை அழுந்துகிறதா. கட்டிலுக்குத்தான் ஒட்டுக்கட்டில். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கினால் இப்படித்தான் ஆகும். யாரோ உபயோகித்ததை வாங்கினால் வாரோ பூட்டோ ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக வீட்டிலிருப்பதைக் கட்டுவார்கள். தாய் பக்கத்தில் படுத்திராத நேரத்தில் சுவரை ஏற்றிப் பூட்டச் சொல்லுங்கள். வாரைத் தினமும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மலையில் வேறு மாதிரி. சக்குபள்ளத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் வீடு. அங்கே கட்டில், வார் எல்லாம் சரி, பிள்ளையைத்தான் காணவில்லை. குல்லாவும் கம்பளியும் போர்த்தி மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. "எம்புட்டுக் குளிர் பாத்தீங்களா, நானே ரெண்டு கம்பளி போத்தியிருக்கேன்," என்றான் தகப்பன், சின்னப் பையன். "கசகசன்னா நீ தள்ளிவிட்டிருவ. அவனுக்கு இன்னும் கை வேலைக்கு வரலையே," என்றேன். அவனையே பிள்ளையின் நெஞ்சில் கை வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு, "அடுப்பு மாதிரில்ல இருக்கான்," என்றான். நாம் போடுவதைவிட ஒரு உடுப்பு கூடுதலாகப் போட்டால் போதும். போர்வையும் குல்லாவும் தூங்கும் பிள்ளைக்கு வேண்டாம். கை கால் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமே இல்லை.

கோகிலாவின் கதைக்குத் திரும்பி வருகிறேன். கட்டில் மாற்றிய அடுத்த நாள் மதியம் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் கட்டிலில், பிள்ளை தன் கட்டிலில். அவள் கை மட்டும் அந்தப் பக்கம் போய்ப் பிள்ளையின் காலருகில் திறந்து கிடந்தது. தொட்டுக்கொண்டிருக்கவில்லை. தொடலாம் என்கிற தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். என் வேலையில் நான் மறுபடி ஒருமுறை பார்க்க ஆசைப்படும் காட்சி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நான் கிளம்பிய பிறகு கோகிலா கணவன் வீட்டுக்கு, வேலந்தாவளத்துப் பக்கம் போய்விட்டாள். அங்கே கட்டில் பொருந்துமா என்ற பேச்சே வரக்கூடாது என்று, சாமிநாதன் ஒட்டுக்கட்டிலோடு இரும்புக்கட்டிலையும் மாங்காய் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது அகளியில் வேறொரு வீட்டில் இருந்தேன்.

"அக்கா, பாப்பா கையையும் முட்டியையும் ஊனி எந்திரிச்சுட்டாளுங்க," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அடுத்து அவளே நினைவுபடுத்தினாள். "நீங்க போறப்ப ஒண்ணு சொன்னீங்கல்லங்க."

சொல்லியிருந்தேன். எல்லா வீட்டிலும் கிளம்பும்போது சொல்வேன், நீங்களும் சொல்ல வேண்டும். பிள்ளை கையையும் முட்டியையும் ஊன்றி எழும்ப முயன்றால் அன்றோடு ஒட்டுக்கட்டில் முடிந்தது. கம்பெனிக்காரர் கையேட்டில் உருண்டவுடனே நிறுத்தச் சொல்லியிருந்தால் அதைக் கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. அந்தத் தாழ்ந்த சுவரைத் தாண்டி விழும். உயரமான கம்பி அழி வைத்த தனிக் கட்டில் வேண்டும், அதே அறையில்.

"இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கலாமுங்களா? நான் முழிச்சுட்டே பாத்துக்குவேன்."

"வேண்டாம்மா."

"பத்து நாளைக்காச்சுமுங்க?"

"இன்னைக்கே கழட்டிரு தாயி."

கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொடுத்தவளும் நான்தான், தள்ளிவை என்று சொல்ல வேண்டியவளும் நான்தான்.

"சரிங்கக்கா," என்றாள். "பெரிய தொட்டில் வந்தாச்சு. அண்ணன் அனுப்பிட்டாரு. அந்தச் செவுத்தோரமா நிக்குது. நாலு எட்டு நடக்கோணும்."

"நடம்மா."

"நீங்க போனை வெச்சுப்போடாதீங்க. கழட்டி முடிக்கறவரைக்கும் பேசிட்டிருங்க."

பேசிக்கொண்டிருந்தேன். அகளிச் சந்தையில் அன்று கண்டதையும், நான் இருந்த வீட்டுப் பிள்ளை விக்கல் எடுப்பதையும், மழை வரும்போல இருப்பதையும் சொன்னேன். நடுவில் வாரின் பூட்டு கழலும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒட்டுக்கட்டிலின் சக்கரம் உருளும் சத்தம் அறையின் ஒரு பக்கத்திலிருந்து வாசல்வரை போயிற்று. பாப்பா அதைப் பார்த்து ஏதோ கத்திச் சிரித்தாள்.

"முடிஞ்சுதுங்கக்கா," என்றாள் கோகிலா.

அதற்குப் பிறகும் அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.